தாத்தா நடந்த தோட்டத்தில் ஒரு ராத்திரி கூடாரம் போடலாமா?

தம்பி, நீ கேட்டதை முதலில் இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிக்க வருபவர்களுக்கும் புரியட்டும். உன் தாத்தா மலேசியாவில், சிலாங்கூரின் கெர்லிங் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இன்று அங்கே அந்தப் பால்மரம் இல்லை, எல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. நிலம் இரண்டு கம்பெனி கை மாறிவிட்டது, தொழிலாளிகள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்தாயிற்று, மிஞ்சியது மாரியம்மன் கோயிலும் அதற்குப் பின்னால் ஓடும் ஆறும்தான். திருவிழாவுக்கு வரும்போது நண்பர்கள் ஐந்து பேரோடு அந்த ஆற்றங்கரையில் ஒரு ராத்திரி கூடாரம் போட ஆசை. இங்கிலாந்தில் நீதிமன்றமே அந்த உரிமையைக் கொடுத்துவிட்டது, ஸ்காட்லாந்தில் யாரையும் கேட்கவே வேண்டாம், தாத்தா நாற்பது வருஷம் நடந்த மண்ணில் எனக்கு மட்டும் உரிமை இல்லையா என்கிறாய்.

உரிமை இல்லை. ஆனால் கூடாரம் போடவே முடியாது என்றும் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறேன். உலு சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் 27 வருஷம் வெளிக்காட்டு கண்டக்டராக, அதாவது வெளிவேலையை மேற்பார்க்கிறவனாக இருந்தவன் நான். ராத்திரியில் கூடாரம் போட்டவர்களை எழுப்பித் துரத்தியதும் உண்டு, ஓய்வு பெற்ற பிறகு மலையேறும் கூட்டத்தோடு நானே கூடாரம் தூக்கிக்கொண்டு அலைவதும் உண்டு. இரண்டு பக்க நியாயமும் தெரியும்.

முதலில் அந்த இங்கிலாந்துத் தீர்ப்பு. நீ நினைக்கிற அளவுக்கு அது பெரியது இல்லை. டார்ட்மூர் என்று தெற்கே ஒரு மேட்டுப் புல்வெளி. அதன் பெரும்பகுதி தனியார் நிலம், ஆனால் பழைய காலத்திலிருந்து சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் ஆடு மாடு மேய்க்கும் பொதுமேய்ச்சல். 1985இல் அந்த இடத்துக்கென்றே போட்ட ஒரு சட்டம், நடந்தோ குதிரையிலோ போய்த் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்காக யாரும் அங்கே நுழையலாம் என்றது. அங்கே ஏறக்குறைய 4,000 ஏக்கர் வைத்திருக்கும் டார்வால் என்ற தம்பதி, கூடாரம் போட்டுத் தூங்குவது பொழுதுபோக்கில் சேராது என்று வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது, அதே மாதம் ஆயிரக்கணக்கான பேர் அந்த மேட்டில் ஏறி நடந்து எதிர்ப்பைக் காட்டினார்கள். ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பியது. 2025 மே 21 அன்று உச்ச நீதிமன்றம், கூடாரம் போடுவதும் அந்தப் பொழுதுபோக்கில் அடக்கம் என்று ஒருமனதாகச் சொல்லி முடித்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தச் சண்டை முழுக்க ஒரே ஒரு மேட்டு நிலத்துக்கு என்று தனியாக எழுதிய சட்டத்தின் ஒரே ஒரு சொல்லைப் பற்றியது. அதைத் தாண்டி இங்கிலாந்தில் வேறெங்கும் நிலச் சொந்தக்காரரைக் கேட்காமல் கூடாரம் போட உரிமை கிடையாது. 2000ஆம் ஆண்டில் வந்த சட்டம் மலை, மேடு, புதர்வெளி, பதிவான பொதுமேய்ச்சல் என்று நாட்டில் சுமார் 8 விழுக்காட்டு நிலத்தில் நடக்க விட்டது. நடக்கத்தான், படுக்க இல்லை. ஏரி மாவட்டத்து மலை உச்சிகளில் ஆட்கள் கூடாரம் போடுவது உண்மைதான், ஆனால் அது கண்டும் காணாமல் விடுகிற வழக்கம். கண்ணைத் திறந்து பார்த்துவிட்டால் இறங்கத்தான் வேண்டும்.

அந்த நடக்கிற உரிமையும் சும்மா வரவில்லை. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கத்து ஆலைத் தொழிலாளிகள் சில நூறு பேர், பென்னி ராத்மன் என்ற இளைஞர் முன்னே போக, கிண்டர் ஸ்கௌட் மலையில் வேட்டைக்காக மூடி வைத்திருந்த நிலத்தில் வேண்டுமென்றே ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். நிலத்தில் நுழைந்ததற்காக அல்ல, அது அங்கே குற்றமே இல்லை. காவலாட்களோடு நடந்த கைகலப்பைக் கலவரம் என்று வழக்காக்கி உள்ளே தள்ளினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அங்கே மலையை வேலி போட்டு மூடிய அதே காலத்தில்தான் இங்கே அந்த ஊர்த் துரைமார்கள் நம் ஆட்களைக் கொண்டு காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள். அவர்கள் ஊர்த் தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை மலை ஏறவாவது நேரம் இருந்தது. சரி, அது வேறு கதை.

ஸ்காட்லாந்து நிஜமாகவே தாராளம். 2003இல் நிலச் சீர்திருத்தச் சட்டம் போட்டு, பொறுப்போடு நடந்துகொண்டால் யார் நிலத்திலும் நடக்கலாம், தங்கலாம் என்றார்கள். சின்னக் கூட்டமாகப் போக வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு மூன்று ராத்திரிக்கு மேல் கூடாது. ஆனால் அங்கேயும் காரில் போய் இறங்கிக் காருக்குப் பக்கத்தில் கூடாரம் போடுவது அந்த உரிமைக்குள் வராது. ஆட்கள் குப்பையும் கூச்சலுமாக வந்து குவிந்ததால் லோக் லோமண்ட் ஏரிக்கரையில் 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வாங்கித்தான் கூடாரம் போட முடியும். இதை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நாம் வாயைப் பிளந்து பார்க்கிற இந்த நாடுகள் எதிலும், பயிர் நிற்கிற நிலத்தில் கூடாரம் போட விடுவதில்லை. நார்வேயின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. உழுது பயிரிட்ட நிலம், வீட்டு முற்றம், புல் அறுக்கிற வயல் எல்லாம் ஒரு பக்கம். காடு, மலை, கடற்கரை இன்னொரு பக்கம். கூடாரம் இரண்டாவதில்தான், அதுவும் ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி. பயிர்நிலத்தில் கால் வைக்கவே குளிர்காலத்தில் தரை உறைந்தோ பனி மூடியோ இருக்க வேண்டும். கெர்லிங்கில் பனி பெய்யட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். ஸ்காட்லாந்திலும் பயிர் நிற்கும் நிலம் விலக்குதான். செம்பனைத் தோட்டம் என்பது என்ன? ஏக்கருக்கு இத்தனை மரம் என்று கணக்குப் போட்டு நட்டு, பத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு முறை குலை வெட்டுகிற பயிர்நிலம். வெளியில் இருந்து பார்க்க ஆளில்லாத காடு மாதிரி தெரியும், அவ்வளவுதான். ஆக, நார்வேக்காரன் சட்டத்தையே இங்கே கொண்டுவந்து வைத்தாலும் உன் கூடாரத்துக்கு இடம் கிடைக்காது.

அடுத்து, தாத்தா நடந்த கணக்கு. இதைச் சொல்ல எனக்கே கசப்பாக இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு பாதையில் பொதுமக்கள் 20 வருஷம் தடையில்லாமல், உரிமையோடு நடந்து வந்தால் அது பொதுப்பாதை ஆகிவிட வழி இருக்கிறது. நம் நாட்டில் அப்படி இல்லை. வெள்ளைக்காரன் தன் ஊரில் வைத்திருந்த அந்த வழக்கத்தை இங்கே கொண்டுவரவில்லை, ஆஸ்திரேலியாவில் பிறந்த டோரன்ஸ் பதிவு முறையைத்தான் மலாய் மாநிலங்களுக்குக் கொண்டுவந்தான். கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், யார் பெயரோ அவருக்கே நிலம், பதிவில் இல்லாதது எதுவும் கணக்கில் வராது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் இதை இன்னும் அழுத்தி எழுதிவிட்டது: எத்தனை வருஷம் நடந்தாலும் அந்தப் பழக்கத்தை வைத்து இன்னொருவர் நிலத்தில் வழி உரிமை உண்டாகாது, எத்தனை வருஷம் குடியிருந்தாலும் பட்டாக்காரரின் உரிமை அழியாது. உன் தாத்தாவின் நாற்பது வருஷம், அவருடைய அப்பாவின் முப்பது வருஷம், நில அலுவலகத்தில் எல்லாம் பூஜ்யம். தோட்டங்களை விற்றபோது நம் ஜனங்கள் வெறுங்கையோடு வெளியே வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1960இல் ம.இ.கா. தலைவர் சம்பந்தன், தொழிலாளிகளே சேர்ந்து தோட்டம் வாங்கட்டும் என்று கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்து மாதம் 10 வெள்ளி கட்டச் சொல்லித் தோட்டம் தோட்டமாகச் சுற்றியது இதனால்தான்: நடந்த காலுக்கு மதிப்பில்லை, பதிவான பெயருக்குத்தான் மதிப்பு. உன் தாத்தா அதில் பங்கு போட்டிருந்தால் பழைய பெட்டியில் தேடிப் பார். கூடாரத்துக்கு உதவாது, ஆனாலும் பார்.

அப்படியானால் உள்ளே போனாலே போலீஸ் பிடிக்குமா? அங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். குற்றவியல் சட்டத்தில் அத்துமீறல் என்பதற்கு வெறுமனே நுழைந்தது போதாது. குற்றம் செய்யவோ, நிலத்தை வைத்திருப்பவரை மிரட்டவோ, அவமதிக்கவோ, தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். நிரூபித்தால் 6 மாதம் வரை சிறை, 3,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடாரத்துக்குள் தூங்குகிறவனிடம் அந்த எண்ணத்தைக் காட்டுவது சிரமம். ஆனால் ஜாகா, அதாவது தோட்டக் காவலாள், வந்து போகச் சொன்ன பிறகும் நின்று வாதாடினால், அந்த எண்ணத்தை நீயே எழுதிக் கொடுத்த மாதிரி. சிவில் வழக்கு என்றால் எண்ணமெல்லாம் தேவையில்லை, அனுமதி இல்லாமல் கால் வைத்ததே போதும்.

ஆற்றங்கரை அரசாங்கத்துடையதுதானே என்று அடுத்துக் கேட்பாய், எல்லாரும் கேட்பார்கள். ஆறு மாநில அரசுடையதுதான். கரையோரம் ஆற்று ரிசர்வ், அதாவது ஆற்றுக்கென ஒதுக்கிய நிலம், என்று முறையாக அரசிதழில் அறிவித்திருந்தால் அதுவும். ஆனால் எல்லா ஆற்றுக்கும் அப்படி அறிவித்திருப்பார்கள் என்று நம்பிப் போகாதே, தோட்ட எல்லை தண்ணீர் வரைக்கும் வருகிற இடங்களும் உண்டு. அறிவித்த இடமாகவே இருந்தாலும் அங்கே போய்ச் சேர நீ தோட்டத்துக்குள் நடந்துதான் ஆக வேண்டும். நிரந்தர வனக்காப்பு நிலம் இன்னும் கண்டிப்பு. பெர்மிட் இல்லாமல் உள்ளே போனாலே 1984ஆம் ஆண்டு வனச்சட்டத்தில் 10,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று வருஷம் வரை சிறை. தோட்டத்தின் பின் எல்லையைத் தாண்டினால் பல இடத்தில் அந்தக் காடுதான், நடுவில் ஒரு பலகை இருக்கும் அல்லது இருக்காது. ஆகவே தோட்டத்தில் விடவில்லை என்று மேலே ஏறிப் போய்ப் போடாதே.

சட்டத்தை விடு. தோட்டத்துக்காரர்கள் ஏன் இவ்வளவு முறைக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் அனுமதி கேட்கத் தெரியும். நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு ஜாகா என் வீட்டுக் கதவைத் தட்டினார். பின்பக்கத் தீம்பாரில், அதாவது மரம் நிற்கும் வெளிக்காட்டில், டார்ச் வெளிச்சம் ஆடுகிறது என்றார். அந்த மாதம் மட்டும் மூன்று தடவை குலை திருட்டு. வெட்டி வைத்த குலையை ராத்திரியில் லாரி கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஜாகாக்கள் நான்கு பேர், ஒருவர் கையில் சுடுகிற துப்பாக்கி, எல்லாருக்கும் கோபம். விளக்கை அணைத்துவிட்டுச் சுற்றி வளைத்துப் போனோம். போனால் கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் மேகி கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களைக் கண்டதும் ஒருவன் எழுந்து ஓடினான். ஓடியதுதான் தப்பு. துப்பாக்கி வைத்திருந்தவர் நிதானமான மனுஷர், அதனால் அந்தப் பையன் இன்று எங்கேயோ பிள்ளை குட்டியோடு இருப்பான். விடியும் வரைக்கும் என் கை நடுங்கியது.

இன்னொன்றும் அன்றைக்குப் பார்த்தேன். அவர்கள் கூடாரம் போட்டிருந்தது இரண்டு மர வரிசைக்கு நடுவில் துப்புரவாக இருந்த தரையில். புதியவர்கள் எல்லாரும் அங்கேதான் போடுவார்கள், ஏனென்றால் ஒன்று விட்டு ஒன்று வருகிற அடுத்த வரிசை முழுக்க வெட்டிய மட்டையை அடுக்கி வைத்திருப்போம், அதில் கால் வைக்க முடியாது. துப்புரவான அந்தத் தரைதான் குலை வெட்டுகிறவர்கள் நடக்கும் பாதை. மட்டைக் குவியலில் எலி, எலியைத் தின்ன நாகம். மரத்தைச் சுற்றி வட்டமாகப் புல் இல்லாமல் இருக்கிறதே, அது மருந்து அடித்ததால். அன்று மத்தியானம்தான் அடித்திருந்தோம். சமையலுக்கு அவர்கள் தண்ணீர் எடுத்தது பாரிட்டில், அதாவது தோட்டத்து வடிகாலில். கென்சிங் திகுஸ் காய்ச்சல் என்று கேள்விப்பட்டிருப்பாய், எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வருவது. இதற்கு மேல் காட்டுப்பன்றி சுட வருகிறவர்கள் வேறு. புதரில் ஏதோ அசைந்தால் அவர்கள் நின்று விசாரிக்கப் போவதில்லை. அடித்தண்டு அழுகிய கிழட்டுச் செம்பனை காற்றே இல்லாமல் சாயும், அதற்கு ராத்திரி பகல் கிடையாது.

ஆற்றங்கரைக்கு இன்னும் ஒரு பயம். மேலே மலையில் மழை பெய்தால் உன் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போதே கெப்பாலா ஆயிர், அதாவது மலையிலிருந்து திடீரென்று பாய்ந்து இறங்கும் வெள்ளம், வந்துவிடும். 2021 ஆகஸ்டில் கெடாவின் ஜெராய் மலையடிவாரத்தில் அது வந்த வேகத்தை எல்லாரும் படத்தில் பார்த்தோம். தண்ணீர் திடீரென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் பையைக் கூட எடுக்காதே, மேட்டுக்கு ஏறு. பத்தாங் காலியை நான் சொல்ல வேண்டியதில்லை. 2022 டிசம்பர் 16 விடியலுக்கு முன், எங்கள் மாவட்டத்திலேயே, கூடாரங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மலை சரிந்து 31 பேர் போனார்கள். அந்த இடத்துக்கு விவசாயம் செய்ய அனுமதி இருந்தது, முகாம் நடத்த உரிமம் இல்லை. அதற்குப் பிறகுதான் முகாம் இடங்களுக்கு என்று அரசாங்கம் விதிமுறை வகுத்தது. விவசாய நிலத்தில் ஆள் தங்க வைத்து ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம் அன்றிலிருந்து ஒவ்வொரு மேனேஜர் வயிற்றிலும் இருக்கிறது. நீ போய்க் கேட்கும்போது அவர் முகம் சுளித்தால் அதற்குக் காரணம் நீ இல்லை.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நீ கூடாரத்துக்காக உரிமை பேசுவது வீண். பேச வேண்டியது கோயிலுக்குப் போகிற பாதைக்காக. கூடாரம் இந்த வருஷம் ஆசை, அடுத்த வருஷம் மறந்துவிடுவாய். அந்த மண்பாதையைக் கம்பெனி நாளைக்கு ஒரு கேட் போட்டு மூடினால், தாத்தா காலத்துப் பாதை என்று சொல்லி ஒன்றும் ஆகாது, மேலே சொன்னேனே. ஆனால் சட்டத்தில் ஒரு சின்ன வாசல் இருக்கிறது. மலாயில் ஹாக் லாலு லாலாங் என்பார்கள். நில அலுவலகம் விசாரணை நடத்தி ஒருவர் நிலத்தின் வழியாக இன்னொரு நிலத்துக்குப் போகும் பாதையை ஏற்படுத்திப் பதிவில் ஏற்றலாம். அதற்குக் கோயில் நிற்கிற துண்டு நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் முதல் கேள்வி. தனி கிராண்ட் இருந்தால் பேச்சுக்கு இடம் உண்டு; கோயிலே கம்பெனி கிராண்டுக்குள் உட்கார்ந்திருந்தால் முதலில் அதைத்தான் தீர்க்க வேண்டும். உங்கள் கோயில் கமிட்டியில் எத்தனை பேர் நில அலுவலகத்தில் காசு கட்டி அந்தத் துண்டு நிலத்தின் பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்? நான் கேட்ட கமிட்டிகளில் பாதிப் பேர் இல்லை என்றார்கள். கோபுரத்துக்கு வர்ணம் அடிக்க வசூல் மட்டும் வருஷா வருஷம் நடக்கிறது.

சரி, இந்த வருஷத் திருவிழாவுக்கு என்ன செய்யலாம். நீ தனியாகப் போய்க் கேட்காதே, உன்னைத் தெரியாது. திருவிழாவுக்குக் கமிட்டி எப்படியும் தோட்ட ஆபீசுக்குக் கடிதம் கொடுக்கும். அதிலேயே, வெளியூர் ஆட்கள் இத்தனை பேர் ராத்திரி கோயில் வளாகத்தில் தங்குவார்கள் என்று ஒரு வரி சேர்க்கச் சொல். ஆற்றங்கரை என்று எழுதினால் மேனேஜர் தலைமை ஆபீசைக் கேட்க வேண்டி வரும், அங்கே வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். கோயில் வளாகம் என்றால் பெரும்பாலும் அவரே கையெழுத்துப் போட்டுவிடுவார். மண்டபத்துக்குப் பக்கத்துப் புல்லில் கூடாரம் போட்டுக்கொள், பகலில் ஆற்றில் போய்க் குளி. தண்ணீர், விளக்கு, கக்கூஸ் எல்லாம் கோயிலில் இருக்கிறது, மழை பிடித்தால் மண்டபத்துக்குள் ஓடலாம்.

கடிதம் மலாயில் இருக்கட்டும், குறைந்தது இரண்டு வாரம் முன்னால். பெயர், ஐசி (அடையாள அட்டை) எண், கார் எண், எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவீர்கள், யாராவது ஒருவருடைய கைப்பேசி எண். நெருப்பு மூட்ட மாட்டோம், காஸ் அடுப்புதான் என்று தனியாக ஒரு வரி. கையெழுத்தான பிரதி ஒன்று உன் சட்டைப் பையில் இருக்க வேண்டும், கைப்பேசியில் படமாக மட்டும் இருந்தால் போதாது. வந்து இறங்கியதும் நேராகக் கார்டு போஸ்டுக்குப் போ. இப்போது ஜாகாக்களில் நேப்பாளத்துக்காரர்கள் நிறைய, தமிழ் தெரியாது, ஷிப்ட் மாறும்போது ஒருவரிடம் சொன்னது அடுத்தவருக்குப் போகாது. ஆகவே சாயங்காலம் ஒரு தடவை, ராத்திரி ஷிப்ட் வந்ததும் இன்னொரு தடவை, இரண்டு தடவையும் ஆறு பேரும் சேர்ந்து போய் முகத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.